வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் கூடவே வந்த நோயாளி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்த்தவர்கள் பகிருங்கள்

பென்னாகரத்து டாக்டர்

நானே ஆரம்பிக்கிறேன். பென்னாகரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது நடந்தது. போர் தண்ணீரில் இருந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு பற்றி நம் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, பாதி ஊர் சிரித்தாலே தெரிந்துவிடும்.

பெரியவர் ஒருவர் ஊசிக்காக வருவார். கழுத்து, முதுகு, இடுப்பு எல்லாம் இறுகிப் போனவர். வலிக்கு ஒரு ஊசி போட்டால் நாலு நாள் வண்டி ஓடும், அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டார். நானும் அதற்கு மேல் எதுவும் தர முடியாது. எலும்பில் ஏறிய ஃபுளோரைடை இறக்க மருந்து இல்லை. முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்களில் சுண்ணாம்புச் சத்து படிந்துவிட்டால் படிந்ததுதான்.

அன்றைக்கு மருமகளும் பேரனும் கூட வந்திருந்தார்கள். பையன் பின்னால் நின்று ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனை அதட்டப் பெரியவர் திரும்பினார். கழுத்து திரும்பவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து, காலை மாற்றி மாற்றி வைத்து, மொத்த உடம்பையும் திருப்பி, "டேய், சும்மா இருக்க மாட்டியா" என்று சொல்லிவிட்டு, மறுபடி அதேபோல் சுற்றி வந்து உட்கார்ந்தார். தாத்தா சுற்றியதைப் பார்த்துப் பையன் சிரித்தான். புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்பு நிறத்தில் குறுக்கு வரிகள்.

வீட்டில் எந்தத் தண்ணீர் என்று மருமகளிடம் கேட்டேன்.

"போர் தண்ணிதாங்க சார். ஆனா பச்சையா குடுக்கறதில்லைங்க. நல்லா கொதிக்க வெச்சு ஆற வெச்சுத்தான் குடுக்கறேன். நர்ஸம்மா சொன்னாங்கல்ல."

காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆவியாவது தண்ணீர்தான். மிச்சத் தண்ணீரில் ஃபுளோரைடின் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். வயிற்றுப்போக்குக்காக நாங்கள் ஒட்டிய போஸ்டர் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலேயே சுவரில் இருந்தது. அதை அவர் வரி பிசகாமல் செய்திருக்கிறார். குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரைப் பிடிக்கலாமே என்றேன். "அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும் சார், நான் அந்நேரம் காட்டுல களை எடுத்துட்டிருப்பேன்" என்றார். பெரியவருக்கு ஊசி எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஓசூர் நைட் டூட்டி

சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் ஆள், வயது நாற்பதுகூட இல்லை. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் பிரஷர் 170/110. தலைவலி இல்லை, தலைசுற்றல் இல்லை, ஒன்றும் இல்லை. அதுதான் பிரச்சினையே. "ஒண்ணுமே பண்ணலையே சார், எதுக்கு மாத்திரை? ஆரம்பிச்சா விட முடியாதாமே" என்றார். நான் நிறையப் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் போன பிறகு பார்த்தால் சீட்டும் மாத்திரை அட்டையும் என் மேஜை மேலேயே இருந்தன. மறந்துவிட்டுப் போகவில்லை, நேராக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த வருஷம் மாங்காய் சீசனில் வலது பக்கம் விழுந்துபோய், பேச்சுக் குழறி, மனைவியும் மைத்துனரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையில் எழும்போதே கை இழுத்திருக்கிறது. படுத்தால் சரியாகிவிடும் என்று மத்தியானம் வரை படுக்க வைத்திருக்கிறார்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதற்குள் ஸ்கேனும் எடுத்திருக்க வேண்டும். எல்லாம் தாண்டிவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். இடது கையால் என் மேஜையைத் தட்டித் தட்டி ஏதோ காட்டினார். மனைவிக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

காவேரிப்பட்டினத்தான்

நான் டாக்டர் இல்லை, பெங்களூரில் ஐ.டி. வேலை. முதல் பதிவு போட்டவருக்கு ஒரு கேள்வி. காய்ச்சிக் குடிப்பதால் பிரயோஜனம் இல்லை என்று இப்படி எழுதினால், படிப்பவர்கள் நாளையிலிருந்து காய்ச்சுவதையே விட்டுவிடுவார்கள். பிறகு டைபாய்டு வந்தால் யார் பொறுப்பு?

என் அனுபவம் சின்னது. அப்பாவுக்கு மூட்டு வலி, டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இதற்கு ஒரே வழி ஆர்.ஓ. மெஷின்தான். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: மெம்பிரேன் நல்ல கம்பெனியா என்று பாருங்கள். லோக்கல் அசெம்பிள் வேண்டாம். ப்ரீ ஃபில்டரைத் தவறாமல் மாற்றுங்கள், எங்கள் போர் தண்ணீருக்கு அது மாதக்கணக்கில் தாங்காது. டி.டி.எஸ். மீட்டர் ஒன்று ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நல்லதா கெட்டதா என்று நொடியில் சொல்லிவிடும். வெளியே போகும் கழிவுத் தண்ணீரைத் தென்னைக்கு விடலாம். கேழ்வரகுக் களி சாப்பிடுங்கள், சுண்ணாம்புச் சத்து. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதும் நல்லது என்று எங்கள் பாட்டி சொல்வார். வெயிலில் நடங்கள். மாடுகளுக்கும் அதே தண்ணீரைக் கொடுக்காதீர்கள். இதையெல்லாம் டாக்டர்கள் சொல்வதே இல்லை.

பென்னாகரத்து டாக்டர்

காய்ச்ச வேண்டாம் என்று எங்கேயும் எழுதவில்லை சார். போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது என்றுதான் எழுதினேன். ஆர்.ஓ. ஃபுளோரைடை எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் மெம்பிரேன் மாற்றும் காசுக்கு ஒரு மாத மளிகை வந்துவிடும்.

டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து ஒரு எண் காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனாலே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டிவிட்டது. மீட்டரில் நல்ல எண் காட்டும் தண்ணீரிலும் அது இருக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். சுண்ணாம்பு வெற்றிலையோடு புகையிலையும் உள்ளே போவதைப் பாட்டி சொல்லியிருக்க மாட்டார்.

பல்லுக்குப் பொறுப்பு நான்

பல் டாக்டர், தர்மபுரி. பேரன் கதைக்கு ஒரு சேர்க்கை. எனாமல் உருவாகும் வயதில்தான் ஃபுளோரைடு பல்லைக் கெடுக்கும், அது ஏறக்குறைய எட்டு வயது வரை. அந்தப் பையனுக்கு முன்பல் வரி இனி மாறாது. ஆனால் பின்னால் வர வேண்டிய கடைவாய்ப் பற்கள் சில இன்னும் ஈறுக்குள்தான் உருவாகிக்கொண்டிருக்கும். இன்றைக்குத் தண்ணீரை மாற்றினாலும் அவை தப்பிக்க வாய்ப்பு உண்டு. பெரியவர்களிடம் "இனிமே மாத்தி என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வரும்போது இதைச் சொல்லுங்கள்.

என் ஆள் ஒரு பெண், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம், அதற்குள் பழுப்பை எடுத்துவிட வேண்டும். அது மேலே படிந்த கறை இல்லை, பல்லின் நிறமே அதுதான் என்று சொன்னேன். கூட வந்த அத்தை கேட்டார்: "மாப்ள வீடு அதியமான்கோட்டைங்க, அவங்களுக்கும் இப்படித்தான் இருக்கும், பரவால்லையா?" சிரித்துவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

மாத்திரைப் பை

வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறேன். 2021 ஆகஸ்டில் திட்டத்தைத் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. டாக்டர்கள் பேசும் இடத்தில் நான் எழுதலாமா தெரியவில்லை.

தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு பாட்டி. மாதா மாதம் சர்க்கரை மாத்திரை கொடுக்கிறேன், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், காபி கொடுப்பார். ஆனால் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. டாக்டர் டோஸைக் கூட்டினார். அப்புறம் ஒரு நாள் பாட்டி உள்ளே போன நேரம், ஆணியில் மாட்டியிருந்த மஞ்சப்பை கீழே விழுந்தது. எடுத்து மாட்டலாம் என்று போனால் உள்ளே முழுக்க நான் கொடுத்த அட்டைகள். ரப்பர் பேண்ட் போட்டு, மாதவாரியாக. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"பையனுக்குக் கண்ணு. அவனுக்கும் சக்கரை. திருப்பூர்ல மாத்திரைக்கே சம்பளம் போயிடுதாம். தீபாவளிக்கு வந்தா எடுத்துட்டுப் போவான். நான் கெழவி, எனக்கென்ன."

கூட்டிய டோஸ் மாத்திரையும் அதில் இருந்தது. அதை அந்தப் பையன் தன் டாக்டரைக் கேட்காமல் அப்படியே போட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு. டாக்டரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பையன் நம்பரை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

சி.ஆர்.ஆர்.ஐ. முடிச்சாச்சு

ஹவுஸ் சர்ஜனாக, அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் வரும் சி.ஆர்.ஆர்.ஐ. பயிற்சியில் இருந்தபோது. எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். முந்தின நாள் காலையிலிருந்து தொடர் டூட்டி.

அரூர் பக்கமிருந்து விடியற்காலையில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். தரையில் பாய் போட்டுத் தூங்கியவன், எழுந்ததும் வயிற்று வலி, வாந்தி. கடிவாய் தெரியவில்லை, வீக்கம் இல்லை. நேற்றுச் சாப்பிட்ட பரோட்டாதான் காரணம் என்று வீட்டார் அடித்துச் சொல்கிறார்கள். கட்டுவிரியன் பாம்பு கடித்தால் இப்படித்தான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சீனியர் விரலை உயர்த்தி, "மேல பாரு தம்பி" என்றார். பையன் பார்க்க முயன்றான். இமை ஏறவில்லை. நெற்றியைச் சுருக்கி, புருவத்தைத் தூக்கி, எப்படியாவது கண்ணைத் திறக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அதற்குள் எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட ஆரம்பித்துவிட்டான். விஷமுறிவு மருந்து ஏற்றி, டியூப் போட்டு, வென்டிலேட்டருக்கு மாற்றினோம். நடுவில் மாமா ஒருவர் என்னைப் பார்த்து, "தூங்கி வழியற பொண்ணைப் போட்டு வெச்சிருக்காங்க பாரு" என்று வார்டு முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார்.

பையன் பிழைத்துக்கொண்டான். நடந்தே வீட்டுக்குப் போனான். போகும்போது அவன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. இவர் கையை எப்போது விடுவார், இன்னும் மூன்று பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டுமே என்று நின்றேன். மாமா திட்டியது மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

ஓய்வு பெற்ற சிவில் சர்ஜன்

மகளே, இதற்குப் பெயர் உண்டு. பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலின் 11-ம் பதிப்பில் இது நோய் அல்ல, வேலையால் வரும் நிலை என்றுதான் சேர்த்திருக்கிறார்கள். மூன்று அடையாளம்: சக்தியெல்லாம் வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசந்துபோவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. நீ சொன்னது இரண்டாவது.

என் காலத்தில் நாங்களும் தொடர்ந்து நின்றோம், இந்தப் பெயரெல்லாம் இல்லை. சொல்கிறேன் கேள். காலை ஐந்துக்கு எழு. அரைமணி நடை. போனைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதே. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, டீ பிஸ்கட் சாப்பாடு ஆகாது. நோயாளியின் கோபத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. ஒரு பொழுதுபோக்கு வேண்டும், நான் ரோஜாத் தொட்டி வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அருவியில் குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டு வா. முதுகில் நாலு தட்டுத் தட்டினால் பாதி பர்ன்அவுட் அங்கேயே போய்விடும். பிராணாயாமம் கற்றுக்கொள். கல்யாணமும் காலாகாலத்தில் பண்ணிக்கொள்.

சி.ஆர்.ஆர்.ஐ. முடிச்சாச்சு

நன்றி சார். ஐந்து மணிக்கு எழச் சொல்கிறீர்கள், அந்த வருஷம் ஐந்து மணிக்கு நான் படுத்திருந்தால்தானே எழுவதற்கு. மசாஜ் நல்ல யோசனை. லீவு லெட்டரில் காரணம் என்ன எழுதுவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஓசூர் நைட் டூட்டி

சிவில் சர்ஜன் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். ரோஸ்டரில் ஆள் போடாமல் ரோஜாத் தொட்டி வைத்து ஒன்றும் ஆகாது.

சந்தைப்பேட்டை கிளினிக்

போச்சம்பள்ளி பக்கம் சின்ன கிளினிக். டெங்கு சீசன். ஒரு அப்பா தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், நாலு நாள் காய்ச்சல். முதலில் வேறொரு இடத்தில் ஊசி போட்டிருக்கிறார்கள். இங்கேயும் ஊசி கேட்டார். ரத்தம் உறைய உதவும் தட்டணு இறங்கும் நேரத்தில் தசையில் ஊசி வேண்டாம், வலி மாத்திரையும் வேண்டாம், பாராசிட்டமால் போதும், அட்மிட் பண்ணுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். மறுநாள் காலையில் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே கட்டை விரலைக் காட்டினார். "காய்ச்சல் விட்டிருச்சு சார், ஊருக்குப் போறோம்!" பின்னால் அம்மா மடியில் குழந்தை. கால் பாதம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தொட்டேன், சில்லென்று இருந்தது.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். அங்கேயே ஆம்புலன்ஸ் கூப்பிட்டு ஜி.எச்.சுக்கு அனுப்பினேன், பிழைத்தாள்.

அந்தத் தெருவில் அடுத்தடுத்து நாலைந்து பேருக்கு வந்ததும் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு நீல டிரம், நிறைய ஒகேனக்கல் தண்ணீர். எப்போது வரும் என்று தெரியாததால் வரும்போது பிடித்து வைக்கிறார்கள். போர் தண்ணீரைக் குடிக்காதே என்று நாம் சொன்னதைக் கேட்டவர்கள்தான் அவர்கள். டெங்குக் கொசுவுக்கு அந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும். முதல் பதிவு போட்ட டாக்டருக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்.

காவேரிப்பட்டினத்தான்

எங்கள் வீட்டிலும் அதே டிரம்தான். மூடி உடைந்து ரொம்ப நாள் ஆகிறது. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் போதும்தானே?

சந்தைப்பேட்டை கிளினிக்

கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீரில் மிதக்காது, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே டிரம் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த தடவை தண்ணீர் ஏறினதும் பொரிக்கும். நாரோ பிரஷ்ஷோ போட்டு உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். மூடி இல்லையென்றால் பழைய வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள், இடைவெளி இல்லாமல். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் இழுத்துப் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.