புதுப்பிப்பு: 128 பிட் கூட்டலில் தொலைந்த கேரி

128 பிட் எண்களை நான்கு 32 பிட் வேர்டுகளாக (துண்டுகளாக) வைத்துக் கூட்டும் என் சி மொழி ஃபங்ஷன் எப்போதாவது தப்பான விடை தருகிறது என்று எழுதியிருந்தேன். பிழை சிக்கிவிட்டது. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் பாவம், அதன் மேல் பழி போட்டிருந்தேன்.

ஒரு வேர்டின் கூட்டுத்தொகை 32 பிட்டைத் தாண்டி வழிந்தால், மிஞ்சுவது சிறிய எண்தான். அதனால் கூட்டுத்தொகை முதல் எண்ணின் வேர்டைவிடச் சிறியதா என்று மட்டும் பார்த்துக் கேரியை (அடுத்த வேர்டுக்கு ஏறும் 1) முடிவு செய்தேன். இரண்டாம் எண்ணின் வேர்டில் 32 பிட்டும் 1 ஆக இருந்து, கீழ் வேர்டிலிருந்து கேரியும் வந்தால்? இரண்டையும் 5 உடன் கூட்டினாலும் மறுபடி 5 தான். சிறியதல்ல என்பதால் கேரி அங்கேயே காணாமல் போகிறது. ரேண்டம் எண்களில் இது கண்ணில் படவே இல்லை. இப்போது முதலில் கேரியைக் கூட்டி ஒரு சோதனை, அப்புறம் இரண்டாம் எண்ணின் வேர்டைக் கூட்டி இன்னொன்று. எது வழிந்தாலும் அடுத்த வேர்டுக்கு 1.

பெருக்கல் இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. என் கார்ட்டெக்ஸ்-எம்0 பிராசஸர் இரண்டு 32 பிட் எண்களைப் பெருக்கினால், 64 பிட் விடையின் கீழ்ப்பாதி 32 பிட்டை மட்டுமே தரும். முழு விடை வேண்டுமானால் 16 பிட் துண்டுகளாக நான்கு பெருக்கல். கார்ட்டெக்ஸ்-எம்3 பிராசஸர் என்றால் ஒரே கட்டளை.