மலைநாட்டுப் பறவைகள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஓடைக்கரை:
ஹோட்டன் சமவெளியின் அரங்கா குளத்தை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சித்திரை மாதம், பனி விலகாத விடியற்காலை. எங்களுக்கு முன்னரே சிலர் பெரிய கமராக்களோடு வீதியோரம் நின்றார்கள். ஒருவர் கையில் சிறிய ஒலிபெருக்கி. சீழ்க்கைப் பூங்குருவியின் குரலை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஆண் பறவை வந்துவிட்டது. ஈரப் பாறையில் நின்று வாலை விரிப்பதும் மடக்குவதுமாக, இல்லாத எதிரியைத் தேடியது. எல்லோரும் அதன் தோளிலிருந்த நீலத் திட்டைப் படமெடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

என் கண் போனது பெண் பறவையிடம். அலகில் ஒரு சிறு தவளை. கூடு நாங்கள் நின்ற பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். தாழ்ந்த கிளைக்கு வரும், எங்களைப் பார்க்கும், திரும்பிப் போகும். முதலில் தவளையின் கால்கள் உதறிக்கொண்டிருந்தன. பிறகு வெறுமனே தொங்கின. அப்போதும் அது இறங்கவில்லை.

"நிறுத்துங்கள்" என்றேன். "நாங்களும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கிறோம்" என்று பதில் வந்தது.

1872இல் ஹோல்ட்ஸ்வர்த் இந்தப் பறவையை விவரித்தபோது, கோப்பித் தோட்டக்காரரான சாமுவேல் பிளையின் பெயரை அதற்குச் சூட்டினார். கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டியது போக மிஞ்சிய காட்டோடைகளில்தான் அது இன்று பிழைத்திருக்கிறது. இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கமரா தூக்கியவர்களை இனப்பெருக்கக் காலத்தில் உள்ளே விடவே கூடாது என்பது என் கருத்து.

கவ்வாத்து மலை:
நான் காட்டுக்குள் போனதில்லை. நான் சொல்வது தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது மலை முழுவதும் மொட்டையாகிக் குச்சி குச்சியாக நின்றது. நடுவில் ஒரேயொரு செடி மட்டும் இலையோடு. உள்ளே கொண்டைக்குருவிக் கூடு, கண் திறக்காத குஞ்சுகள். வரிசையில் ஒரு செடி விடுபட்டிருப்பதைப் பார்த்து மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். "குஞ்சு பறந்த பிறகு வெட்டித் தருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம்" என்றார் அப்பா. அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. சுற்றிலும் வெட்டிவிட்டதால் அந்தச் செடி தூரத்திலிருந்தே தெரிந்தது. சவுக்கு மரத்தில் காகம் வந்து உட்கார்ந்தது. அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வெட்டிய கொப்புகளைச் சுமந்து வந்து, தாய்ப் பறவை நுழைய ஒரு பக்கம் மட்டும் விட்டு, செடியைச் சுற்றிச் சாய்த்து வைத்தார்கள். மறுநாள் நான் வேலைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டேன். அப்பாவும் இப்போது இல்லை. அந்தக் குஞ்சுகள் பறந்தனவா என்று அவரிடம் கேட்காமலே காலம் போய்விட்டது.

நுவரெலியா வேன்:
ஓடைக்கரை அண்ணா, அந்த ஆளைத் தடுக்கப் பார்த்தது சரி. ஆனால் கமராக்காரர்களை உள்ளே விடவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றித்தான் என் பிழைப்பு நடக்கிறது. விக்டோரியா பூங்காவில் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானோரம் ஒரு காஷ்மீர் ஈப்பிடிப்பானைக் காட்டினேன். இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த பறவை, தொண்டையில் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கோடு. கானில் கிடந்த ஷாம்பு பைக்கற்றின் மேல் மொய்த்த ஈயைப் பிடித்தது. என்னோடு வந்த வயதான வெளிநாட்டு அம்மா படமெடுப்பதை விட்டுவிட்டு, குனிந்து பொலித்தீன் பொறுக்கத் தொடங்கினார். அவரும் கமரா தூக்கியவர்தான்.

உண்மையான கேடு சாப்பாட்டுக் கழிவு. ஹோட்டன் சமவெளி வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள், நல்ல வேலை. ஆனால் சோறும் பிஸ்கட்டும் உள்ளே போகின்றன. வாகனத் தரிப்பிடத்தில் மரை மானுக்கு ஊட்டுகிறார்கள். சிந்தியதைத் தின்னக் காகம் வருகிறது. வந்த காகம் சோறு தின்றுவிட்டுத் திரும்பிப் போவதில்லை, அக்கம்பக்கத்துக் கூடுகளில் முட்டையையும் குஞ்சையும் தேடுகிறது. ஒலிபெருக்கிக்காரன் ஒரு காலை நேரத்தைக் கெடுக்கிறான். காகம் அங்கேயே குடியிருக்கிறது. ஆகவே எல்லோரும் மீந்த சாப்பாட்டை மூடிய பாத்திரத்தில் திருப்பிக் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கு வேனிலேயே சாப்பாடு கொடுங்கள். மரைக்கு எதையும் நீட்டாதீர்கள். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யாத்திரைப் பருவம் தொடங்கினால் அந்தப் படிகளின் இரு பக்கமும் பாருங்கள், அதுவும் காப்புக்காடுதான்.

ஊவா டீச்சர்:
வாதம் இருக்கட்டும், என் கதையையும் கேளுங்கள். ஐப்பசி, பாடசாலை தொடங்கும் முன். நூலகக் கண்ணாடியில் மோதி ஓர் ஆறுமணிக்குருவி கீழே கிடந்தது. வட இந்தியாவிலிருந்து இரவிரவாகப் பறந்து வந்து, எங்கள் பாடசாலைக் கண்ணாடியில் தெரிந்த மரத்தை உண்மையான மரம் என்று நம்பியிருக்கிறது. தரம் ஐந்துப் பிள்ளை ஒருத்தி தாவணி போன்ற தன் சால்வையில் எடுத்து வந்தாள். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கட்டை வால். இமை கீழிருந்து மேலாக ஏறி ஏறி மூடியது. கறுப்புப் பட்டைக்குள் அந்தச் சாம்பல் இமையை நான் அவ்வளவு அருகில் பார்த்ததே இல்லை. "டீச்சர், இதற்கு நித்திரை வருகிறதா?" என்று பிள்ளை கேட்டாள். முதல் மணி அடிக்கும் முன் அது இறந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் ஆம் என்று சொல்லியிருந்தேன்.

அப்புத்தளைக் காற்று:
டீச்சர், எங்கள் வீட்டிலும் ஒன்று மோதியது, ஆனால் பிழைத்துப் பறந்தது. ஆகவே எல்லோரும் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மோதிய பறவையை மெல்ல எடுத்துக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், அடியில் துணி விரித்து, மூடி இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு, பால் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் மாறி மாறித் தூக்கிப் பார்க்கவும் கூடாது. தெளிந்துவிட்டால் மரங்கள் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். தெளியாவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ மிருக வைத்தியருக்கோ சொல்லுங்கள்.

மோதாமல் தடுப்பதுதான் முக்கியம். கண்ணாடியின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாகக் கோடுகள் வரையுங்கள், சவர்க்காரக் கட்டியே போதும். கோட்டுக்குக் கோடு இடைவெளி 5 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஒரு மூலையில் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை, படத்தைத் தவிர்த்துப் பக்கத்திலேயே மோதும். புலம்பெயர் பறவைகள் வரும் மாதங்களில் தேவையற்ற வெளி விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். விடுதி நடத்துகிறவர்கள் மலைச்சரிவைப் பார்த்தபடி சுவர் முழுக்கக் கண்ணாடி போடுவதை இப்போதெல்லாம் பெருமையாக நினைக்கிறார்கள். அவர்களிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

ஓடைக்கரை:
வேன் தம்பி, காகத்தைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்க உண்மை. ஆனால் ஒரு காலை நேரம்தானே என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். அந்தக் குளத்தருகே வாகனம் நிற்காத விடியற்காலை அபூர்வம். இன்று ஒருவர், நாளை வேறொருவர். பறவை ஒன்றே. 2010இல் இந்தச் சமவெளியும் சிவனொளிபாதக் காடும் நக்கிள்ஸ் மலையும் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டதற்கு இங்கே மட்டுமே வாழும் இத்தகைய உயிர்களும் ஒரு காரணம்.

சரி, கமராவை விடக் கூடாது என்றதை நான் வற்புறுத்தவில்லை. ஒலிப்பதிவு ஓடவிடுவதில்லை என்று வேன் ஓட்டுகிறவர்கள் நீங்களே ஒன்றுகூடி முடிவெடுத்து, ஆட்களை ஏற்றும்போதே சொல்லிவிட முடியுமா? நான் சொன்னால் டிக்கெட்டைக் காட்டுகிறார்கள். சாரதி சொன்னால் கேட்பார்கள்.

நுவரெலியா வேன்:
என் வண்டியில் அடுத்த பயணத்திலிருந்தே சொல்கிறேன் அண்ணா. மற்றவர்களிடம் பேசிவிட்டு இங்கே எழுதுகிறேன். காகத்துக்கு என்ன செய்யலாம் என்று நீங்களும் எழுதுங்கள்.