மருத்துவ மாணவர் விடுதியில் புகைப்பழக்கம்: அபராதம் போதுமா?

விடுதிக் காப்பாளர்:
தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் விடுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். முதலாண்டில் சிகரெட்டைத் தொட்டறியாத பிள்ளைகள் சிலர், பயிற்சி மருத்துவராகி இரவுப் பணி பார்க்கத் தொடங்கியதும் அதற்குப் பழகிவிடுகிறார்கள். வாய்ப்புற்றுநோயாளியைப் பரிசோதித்துவிட்டு வந்த மாணவனே சற்று நேரத்தில் பெட்டிக்கடையில் நிற்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பொது இடத்தில் புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. நாங்களும் விடுதியில் அபராதம் விதிக்கிறோம். பழக்கம் மொட்டைமாடிக்கு இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. வேறு என்ன செய்யலாம்?

மனநல மருத்துவர்:
ஐயா, நோயைப் பற்றிய அறிவு நிக்கோட்டின் சார்பை, அதாவது புகையிலையிலுள்ள நிக்கோட்டினுக்கு அடிமையாவதை, தடுப்பதில்லை. விட்ட முதல் சில நாள்களில்தான் எரிச்சலும் கவனச் சிதறலும் மிகுதியாக இருக்கும் என்பதால், தேர்வு நெருங்கும்போது விட முயல்பவர் பெரும்பாலும் மீண்டும் பற்றவைத்துவிடுகிறார். தூங்கி எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்பவருக்குச் சார்பு வலுவானது, அவருக்குச் சிகிச்சை வேண்டும். அபராதச் சீட்டு அந்த வேலையைச் செய்யாது.

சமூக மருத்துவ ஆசிரியர்:
பிரிட்டனில் 1951 முதல் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் ஏறத்தாழ 40,000 மருத்துவர்களைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு, புகைப்பதால் நேரும் மரணத்தை மருத்துவர்களின் வாழ்விலிருந்தே காட்டியது. அதன் பிறகு அங்கே புகைப்பதை விட்ட மருத்துவர்கள் ஏராளம். நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பிறரும் 2005 முதல் பல நாடுகளில் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல் ஆகியவற்றின் மூன்றாமாண்டு மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், புகையிலையை விடவைக்கும் பயிற்சி தேவை என்று பெரும்பாலோர் கூறினர். முறையாக அதைப் பெற்றவர்களோ குறைவு. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுங்கள். தன் பழக்கத்தைப் பற்றி யோசிக்கவும் மாணவனுக்கு அதுவே முதல் வாய்ப்பாக அமையலாம்.

பயிற்சி மருத்துவர்:
இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். உதட்டிடுக்கில் வைக்கும் புகையிலைப் பொட்டலத்துக்குப் புகையும் இல்லை, நாற்றமும் அதிகமில்லை. அதனால் விடுதிச் சோதனையில் அது சிக்குவதேயில்லை. மேலும், அகமதிப்பெண் போடும் ஆசிரியரிடம் எந்த மாணவரும் உண்மையைச் சொல்லமாட்டார். ஆகவே ஆலோசகர் வெளியிலிருந்து வரட்டும், பெயர்ப் பதிவேடு வேண்டாம். 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதை நீங்கள் சொன்ன அதே 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. வாசலில் இருக்கும் அந்தக் கடையைப் பற்றி முதல்வர் வழியாக எழுத்துமூலம் புகார் கொடுங்கள், ஐயா.