தேக்கு நாற்காலிக் கால் உளுத்துவிட்டது: நிரப்புவதா, வெட்டி ஒட்டுவதா?

தச்சு வேலை தெரிந்தவர்கள் யோசனை சொல்லுங்கள். பிரம்பு பின்னிய பழைய தேக்கு நாற்காலி. வைரக்கட்டைக்கு (மரத்தின் கெட்டியான உள்பகுதி) ஒன்றும் ஆகவில்லை. பின்காலின் வெள்ளைக்கட்டை (வெளிறிய வெளிப்பகுதி) ஓரத்தில் மட்டும் 1.5 மி.மீ. துளைகள், தட்டினால் முகப்பவுடர் மாதிரி மாவு கொட்டுகிறது. மண் தடமும் இல்லை, ஆக கரையான் அல்ல, வண்டுதான்.

வார்னிஷைச் சுரண்டியாயிற்று (அது இருந்தால் மருந்து இறங்காது). 1 லிட்டர் வெந்நீரில் போராக்ஸ் 60 கிராம், போரிக் ஆசிட் 40 கிராம் கரைத்து இரண்டு முறை பூசி, ஊசியால் துளைகளுக்குள்ளும் ஏற்றியிருக்கிறேன். எண்ணெய் மருந்து வேண்டாமென்று விட்டதே பிறகு பசை பிடிக்காது என்பதால்தான்.

சிக்கல், இருக்கைச் சட்டத்தின் கழுந்து (செருகு முனை) இறங்கும், காலிலுள்ள துளையில். அதன் வெளிச்சுவர் நகம் பட்டாலே அமுங்குகிறது. ஆள் சாயும்போது பாரம் முழுக்க அங்கேதான். புட்டி அடைப்பது வெறும் ஒப்பனை.

நீர்த்த எபாக்ஸியை (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) ஊசியால் ஏற்றினால் அந்தச் சுவர் தாங்குமா? இல்லை, உளுத்ததைச் செதுக்கி எடுத்து, 1:8 சாய்வில் (1 பங்கு கனத்துக்கு 8 பங்கு நீளம்) பழைய தேக்குத் துண்டு ஒட்டுவதே சரியா? எபாக்ஸிக்கு முன் எத்தனை நாள் நிழலில் காய வேண்டும்? பிரம்பையும் இந்த வண்டு விடாது. பின்னலைப் பிரிக்காமல் அதற்கு மருந்து வைக்க வழி உண்டா?