காக்பிட் ஸ்பீக்கர் மாற்றம்: ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக்குவதா, ஸ்பீக்கரைக் காதருகே கொண்டுவருவதா?

வளைகுடாவாசி:

அனைவருக்கும் வணக்கம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில், பெர்க்லி துறையில் கட்டியிருக்கும் எங்கள் 34 அடிப் பாய்ப்படகின் காக்பிட்டில் (சுக்கானும் இருக்கைகளும் உள்ள திறந்த பகுதி) இருந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் இந்தக் கோடையோடு ஓய்ந்துவிட்டன. முகப்பு வலையைக் கழற்றிப் பார்த்தபோது, கோனைச் (அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பு) சுற்றியிருந்த நுரைவிளிம்பு விரல் பட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. திருகுகளிலிருந்து வழிந்த துரு வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கோடு போட்டிருந்தது. இவை காருக்காகச் செய்யப்பட்ட காகிதக் கோன் ஸ்பீக்கர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாலிபுரொப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் கொண்ட, நீர்புகாமைக்கான ஐபி67 தரமுள்ள 6.5 அங்குலக் கடல்வகை ஸ்பீக்கர்கள் இரண்டையும், சேனலுக்கு 75 வாட் தரும் கிளாஸ் டி (மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வகை) ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் பொருத்த எண்ணியிருக்கிறேன். 71 வயதாகும் என் அம்மா வார இறுதிகளில் எங்களோடு வருகிறார். சுக்கானுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்ததும் பழைய பாடல்களைப் போடச் சொல்வார். பிற்பகலில் காற்று மணிக்கு 20 கடல் மைலைத் தாண்டும்போது பாட்டின் வரிகள் அவருக்குப் பிடிபடுவதில்லை. ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. ஸ்பீக்கர்கள் இருப்பதோ காக்பிட்டின் முன்சுவரில், கீழே இறங்கும் வாயிலின் இரு பக்கமும். அதே துளைகளில் புதியவற்றை வைத்து, தூரத்தை ஆம்ப்ளிஃபயரால் ஈடுகட்டிவிடலாமா?

நெடுங்கடல்:

நண்பரே, தங்கள் தாயாருக்காக நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும், ஓடிக்கொண்டிருக்கும் படகின் காக்பிட்டில் பாட்டே ஒலிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளில் 5ஆவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்கிறது. 35ஆவது விதிப்படி, மூடுபனியில் ஓடும் இயந்திரக் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நெடிய ஊதலையும், பாய்ப்படகு ஒரு நெடிய ஊதலும் அதைத் தொடர்ந்து இரண்டு குறு ஊதல்களையும் எழுப்ப வேண்டும். மணிக்கு 30 கடல் மைல் வேகத்தில் வரும் பயணிப் படகு, இரண்டு ஊதலுக்கு நடுவே ஒரு கடல் மைலைக் கடந்துவிடும். அந்த ஒரு ஊதலைப் பாட்டு விழுங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் படகிலும் காக்பிட்டின் பக்கச்சுவர்களில் ஸ்பீக்கர் பொருத்தினேன். வளைகுடாவுக்குத் தெற்கே பசிபிக் கரையில் உள்ள ஹாஃப் மூன் பேயிலிருந்து வடக்கே திரும்பும்போது, போகையில் கையால் பிடித்த சுக்கானை ஆட்டோபைலட்டிடம் (தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி) விட்டோம். திரையில் திசை சரியாகவே காட்டியது. ஆனால் ஜிபிஎஸ் தடம் மெல்ல மெல்லக் கரைப்பக்கம் சாய்ந்தது. நீரோட்டம் என்று நினைத்தேன். அலை உடையும் ஓசை வலப்பக்கத்திலிருந்து கேட்ட பிறகுதான் சுக்கானைப் பறித்துத் திருப்பினேன். ஆட்டோபைலட்டின் மின் திசைகாட்டி, காக்பிட் இருக்கைக்கடியில் உள்ள பெட்டியறைக்குள் வலப்பக்க ஸ்பீக்கரின் காந்தத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அன்று பாட்டு அணைந்திருந்தது. இல்லையென்றால் அந்த ஓசையும் கேட்டிருக்காது.

செப்புக்கம்பி:

நெடுங்கடல் ஐயாவின் அனுபவம் மிக முக்கியமானது. ஆனால் அதிலிருந்து "ஸ்பீக்கரே வேண்டாம்" என்ற முடிவுக்குப் போக வேண்டியதில்லை. முதலில் கேள்விக்கு வருகிறேன்.

ஹெட் யூனிட் (பாட்டை இயக்கும் முதன்மைக் கருவி) பெட்டியின்மேல் 50 வாட் வீதம் நான்கு சேனல் என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். 12.6 வோல்ட் பேட்டரியில் இயங்கும், உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லாத ஹெட் யூனிட், 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப்படி 20 வாட்டுக்கு மேல் சிதைவின்றித் தர முடியாது. அம்மாவுக்கு இரைச்சலாகக் கேட்டதில் ஒரு பங்கு, அந்த எல்லையைத் தாண்டித் திருகியபோது ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டதால் வந்தது. 75 வாட் ஆம்ப்ளிஃபயர் அதைத் தீர்க்கும். ஆனால் 20 வாட்டிலிருந்து 75 வாட்டுக்குப் போவதால் கூடும் ஒலி ஏறத்தாழ 5.7 டெசிபல்தான். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் திறந்த வெளியில் 6 டெசிபல் கூடுகிறது. அதாவது, 2 மீட்டரில் இருப்பதை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தாலே ஆம்ப்ளிஃபயர் தரும் ஆதாயம் முழுவதும் பேட்டரியிலிருந்து ஒரு துளி கூட எடுக்காமல் கிடைத்துவிடும். வயதானவர்களின் காது முதலில் இழப்பது உயர் சுருதிகளை. சொற்களைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஓசைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. அந்தச் சுருதிகளோ ஸ்பீக்கர் பார்க்கும் திசையிலேயே அதிகம் பாய்கின்றன. ஆகவே, அவர் காதை நோக்கி, அவர் பக்கத்தில் வையுங்கள்.

அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. சுக்கானை நெருங்கினால் சுக்கான் தூணின் மேலுள்ள திசைகாட்டியையும் நெருங்குகிறோம். காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரே வகை ஸ்பீக்கர்கள் இரண்டு, இடமும் வலமும் சம தூரத்தில் எதிரெதிரே இருந்தால், நடுவில் உள்ள திசைகாட்டியில் அவற்றின் குறுக்குவாட்டுப் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஐயாவின் படகில் தூணில் இருந்த திசைகாட்டி ஐயத்தை எழுப்பாமல், ஒரு பக்கத்தில் ஒளிந்திருந்த மின் திசைகாட்டி மட்டும் கெட்டதற்குக் காரணம் இதுதான் என்று கருதுகிறேன். குறுக்குவாட்டில் நிற்கும் காந்தத்தின் பிழை வடக்கு, தெற்கு நோக்கி ஓடும்போது உச்சத்திலும், கிழக்கு, மேற்கு நோக்கி ஓடும்போது சுழியத்திலும் இருக்கும். பெர்க்லிக்கும் பொன்வாயில் (கோல்டன் கேட்) பாலத்துக்கும் இடையே நூறு முறை போய்வந்தாலும் அது கண்ணில் படாது.

நெடுங்கடல்:

விளக்கத்துக்கு நன்றி. வளைகுடாவுக்குள் ஒரு குறையும் தெரியாமல் இருந்தது இத்தனை நாளும் எனக்குப் புரியாத புதிராகவே இருந்தது. ஆனால் என் முதல் வாதத்தை நீங்கள் தொடவே இல்லை.

வளைகுடாவாசி:

அதற்கு நானே பதில் சொல்கிறேன். பனியில் பாதுகாப்பான வேகத்துக்கு இறங்க வேண்டும் என்பது 6ஆவது விதி. பயணிப் படகும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். வானம் தெளிந்த பிற்பகலில், வளைகுடாவுக்குள் ஏஞ்சல் தீவின் காற்று மறைவில், மூன்று பேர் கண் விழித்து நிற்கும் படகில், மெதுவாக ஒலிக்கும் பாட்டு விதியை மீறுவதாக நான் கருதவில்லை. ஸ்பீக்கரை அருகே கொண்டுவந்தால் காக்பிட் முழுவதையும் நிரப்பாமல் அம்மாவுக்கு மட்டும் கேட்கும் அளவில் வைக்கலாம். இப்போதைய நிலையில்தான் நாங்கள் கத்திக் கத்திப் பேசவேண்டியிருக்கிறது.

நெடுங்கடல்:

அந்த வேகத்தில் பாதியாக 15 கடல் மைலில் வந்தாலும் இரண்டு நிமிடத்தில் அரை மைல். மேலும், கோடையில் பாலத்துக்கடியில் நுழையும் பனி உங்களிடம் நேரம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. விஎச்எஃப் (படகுகளின் குறுந்தூர) ரேடியோவின் சேனல் 14இல் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாடு பேசுவதையும், அவசர அழைப்புக்கான சேனல் 16ஐயும் காக்பிட்டில் இருந்தபடி கேட்க வேண்டும். பாட்டு ஓடும் காக்பிட்டில் ரேடியோவின் அழைப்பு தன் படகுக்கானதா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதைப் பிறர் படகுகளில் பலமுறை கண்டிருக்கிறேன்.

நார்த்தச்சி:

காந்தத்தையும் காதையும் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். துளையைப் பற்றி யாரும் பேசவில்லை. பதினொரு ஆண்டுகளாக நார்க்கண்ணாடிப் (ஃபைபர்கிளாஸ்) படகுகளைப் பழுதுபார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். 6.5 அங்குல ஸ்பீக்கருக்கு ஐந்து அங்குலம் அளவுக்குத் துளை வேண்டும். பக்கச்சுவரில் வெட்டும்போது இரண்டு நார்த்தோல்களுக்கு நடுவே எடை குறைந்த பால்சா மரம் வெளிப்பட்டால், அதை அப்படியே விட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திருகிவிடாதீர்கள். விளிம்பைச் சுற்றி மரத்தைச் சிறிது குடைந்தெடுத்து, தடித்த எப்பாக்சிப் பசையால் நிரப்பி, இறுகிய பிறகு திருகுத் துளையிடுங்கள். இதைச் செய்யாத ஒரு படகில் சென்ற மாதம் கை வைத்தபோது, ஈரத் தேயிலைச் சக்கை போல மரம் என் உள்ளங்கைக்கு வந்தது. திருகுகள் 316 தரத் துருப்பிடிக்கா எஃகாக இருக்கட்டும். முகப்பு வளையத்தின் அடியில் நீர் கசியாதிருக்கப் பியூட்டைல் நாடா போடுங்கள்.

ஐபி67 என்பது ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கான குறி. அது ஸ்பீக்கரைக் காக்குமே தவிர, நீங்கள் வெட்டிய துளையைக் காக்காது. பின்னாலிருந்து வரும் அலை காக்பிட்டை நிரப்பும் நாளில் அந்தத் துளை வழியே பெட்டியறைக்குள் நீர் புகக்கூடாதென்றால், இருக்கைக்கு மேலே வெட்டுங்கள். பின்புறம் ஒரு மூடிய பெட்டியும் கட்டுங்கள். அந்தப் பெட்டி, உள்ளே கிடக்கும் கயிறுகளும் தடுப்பு மிதவைகளும் கோனை இடிக்காமல் காக்கும். கோனின் பின்பக்க ஒலியலை முன்பக்க ஒலியலையைத் தின்பதும் நிற்கும். கீழே படுத்திருப்பவரின் தலைமாட்டில் பாட்டு ஒலிப்பதும் பெருமளவு குறையும்.

வளைகுடாவாசி:

நார்த்தச்சி அம்மா, பெட்டி யோசனைக்கு மிக்க நன்றி. பின்னறையில் தூங்கும் மகளுக்காகவாவது அதை நிச்சயம் செய்கிறேன்.

நேற்று மாலை துறையில் கட்டியபடியே சோதித்துப் பார்த்தேன். புது ஸ்பீக்கர் ஒன்றை நான் எண்ணியிருந்த இடத்தில் நாடாவால் ஒட்டினேன். தூணின் திசைகாட்டி அசையவில்லை. ஆனால் ஆட்டோபைலட் திரையில் திசை 231 டிகிரி என்றிருந்தது 240 ஆனது. பெட்டியறையைத் திறந்து அளந்தால், மின் திசைகாட்டி சரியாக 35 சென்டிமீட்டர் தள்ளிச் சுவரில் திருகப்பட்டிருந்தது. ஸ்பீக்கரை முன்னோக்கி நகர்த்தி 70 சென்டிமீட்டர் ஆக்கியதும் திரை 232க்கு வந்துவிட்டது. செப்புக்கம்பி சொன்ன எட்டில் ஒரு பங்கு கணக்கை அங்கேயே கண்ணால் பார்த்தேன். அந்த இடம் அம்மாவின் தோளிலிருந்து ஒரு மீட்டர்கூட இல்லை. துளை அங்கேதான். ஆம்ப்ளிஃபயரை இப்போதைக்கு வாங்கவில்லை.

செப்புக்கம்பி:

நல்ல முடிவு. இரண்டு ஸ்பீக்கரையும் பொருத்திய பிறகு, காற்றில்லாத காலையில் படகை மெதுவாக வட்டமிட்டு மின் திசைகாட்டியை மறுபடி அளவுதிருத்தம் செய்யுங்கள். மீதமுள்ள ஒரு டிகிரியும் அதில் போய்விடும். கம்பி ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும்.

நெடுங்கடல்:

நான் இன்னும் உடன்படவில்லை. ஓடும் படகில் என் காக்பிட் அமைதியாகவே இருக்கும். ஆனால் முன்சுவரில் இரண்டு பழைய துளைகள் காலியாகப் போகின்றன அல்லவா? அவற்றில் ஒன்றைத் தகடால் அடைத்துவிட்டு, மற்றொன்றில் விஎச்எஃப் ரேடியோவுக்கான வெளி ஸ்பீக்கரை வையுங்கள். அதன் காந்தத்தையும் ஒட்டுவதற்கு முன் இதே போலச் சோதித்துவிடுங்கள்.