‘என் வீடு’ என்றால் தார்ப்பாயை வரைகிறாள், மாற்றச் சொல்லலாமா?

வேதாரண்யம் அம்மா:
எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. தலைப்பு ‘என் வீடு’. நாலாவது படிக்கும் என் மகள், ஓட்டு வீட்டின் மேல் நீல கிரேயானில் தார்ப்பாய் போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைத்திருக்கிறாள். பக்கத்தில் தலையில்லாத தென்னை. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியபோது அவளுக்கு இரண்டு வயது. எல்லாம் அப்பாயி சொன்ன கதை. இப்போது இருப்பது மாடி வீடு. அதை வரையச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படம் சோகமாக இருக்கிறதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

மன்னார்குடி டிராயிங் வாத்தியார்:
தயவுசெய்து மாற்றாதீர்கள். பாய் பறக்காமல் இருக்கச் செங்கல் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். கிரேயான் மேல் தண்ணீர் கலந்த வாட்டர் கலரைப் பூசினால், மெழுகு ஈரத்தைத் தள்ளிவிடும். மழை பெய்தது மாதிரியே வரும்.

பட்டுக்கோட்டைக்காரன்:
எங்கள் தோப்பும் அப்படித்தான் கிடந்தது. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அப்போது வைத்த கன்று இப்போதுதான் பாளை விட்டிருக்கிறது. பாப்பாவிடம் சொல்லுங்கள் அக்கா.

வேதாரண்யம் அம்மா:
சரி, மாற்றச் சொல்லவில்லை. ஏன் தார்ப்பாய் என்று மட்டும் கேட்டேன். “அதுக்குக் கீழதானேம்மா எல்லாரும் ஒண்ணாப் படுத்திருந்தோம்” என்றாள். நாளைக்கு வாட்டர் கலர் வாங்கித் தருகிறேன்.