தினேஷ் கால் வீக்கம் – குடும்ப குரூப்

சுதா சித்தி: தினேஷுக்கு ரெண்டு நாளா இடது கெண்டைக்கால் வலிக்குதாம்மா. அந்த கோலைடிஸ், பெருங்குடல் புண்ணு, அதுவும் இன்னும் அடங்கல, ஒரு நாளைக்கு எட்டு தடவ போறான் ரத்தத்தோட, படுத்தே கிடக்கான்ல அதான் சதை புடிச்சிருக்கும்னு நெனச்சு தைலம் தேச்சு நீவி விட்டேன்

கலா அக்கா: சித்தி இனிமே நீவாதீங்க ப்ளீஸ். வீக்கம் இருக்கா? ஒரு காலா ரெண்டு காலுமா?

சுதா சித்தி: இடது மட்டுந்தான். சாக்ஸ் தடம் அந்த கால்ல மட்டும் பள்ளமா விழுது, தொட்டா கொஞ்சம் சூடாவும் இருக்கு

கலா அக்கா: இஞ்ச் டேப்ல முட்டிக்கு கீழ ரெண்டு கால்லயும் ஒரே உயரத்துல அளந்து பாருங்க

சுதா சித்தி: இடது 39 செ.மீ, வலது 35

கலா அக்கா: 3 செ.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தாலே டாக்டருங்க ரத்தக்கட்டா, அதான் ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கானு பாப்பாங்க சித்தி. இன்னிக்கே காட்டணும்

குமார் மாமா: ஸ்டீராய்டு சாப்புடுறான்ல, அதுக்கும் வீங்குமே. அதுவும் ரத்தம் போயிட்டே இருக்கறவனுக்கு எப்படிம்மா ரத்தம் கட்டும்?

கலா அக்கா: ஸ்டீராய்டு வீக்கம்னா பெரும்பாலும் ரெண்டு காலும் வீங்கும் மாமா. நானும் எனக்கு க்ரோன்ஸ், இதே மாதிரி குடல் அழற்சி நோய், வந்தப்ப இதையேதான் கேட்டேன். புண்ணு குடல்லதான், ஆனா அந்த அழற்சி உடம்பு முழுக்க ரத்தத்த உறையற பக்கமா தள்ளிடுது, ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட் ஏறுது, பேதியில தண்ணி வத்துது, படுத்தே இருக்கறதால கால்ல ரத்தம் தேங்குது, ஸ்டீராய்டும் சேந்தா இன்னும் மோசம். க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைடிஸ் இருக்கறவங்களுக்கு மத்தவங்கள விட 2, 3 மடங்கு ரிஸ்க்குன்னு சொல்வாங்க, நோய் கிளம்பியிருக்கற நேரத்துல (ஃப்ளேர்) அதுக்கும் மேல. எனக்கு ஆஸ்பத்திரியில இருந்தவரைக்கும் ரத்தம் உறையாம இருக்க தினமும் வயித்துல ஹெப்பாரின் ஊசி போட்டாங்க, வீட்டுக்கு வந்த ரெண்டாவது வாரம்தான் கால் வீங்குச்சு

தினேஷ்: அக்கா காலைல மாடி ஏறினப்ப மூச்சு வாங்குச்சு. ரத்தம் கம்மியா இருக்கே அதனாலனு விட்டுட்டேன்

கலா அக்கா: மூச்ச நல்லா இழுத்தா நெஞ்சு குத்துதா?

தினேஷ்: வலது பக்கம் லேசா

கலா அக்கா: சித்தி கிளினிக் எல்லாம் வேணாம், இப்பவே ஆம்புலன்ஸ கூப்புடுங்க நேரா எமர்ஜென்சி. ரத்தக்கட்டி கால்லேந்து நுரையீரலுக்கு போயிருக்கலாம். அவன நடக்க விடாதீங்க. வலிக்குன்னு புரூஃபென், ஆஸ்பிரின் எதுவும் கையில இருக்குன்னு குடுக்காதீங்க. உள்ள போனதும் மொத வார்த்தையா கோலைடிஸ், இப்ப ஃப்ளேர்ல இருக்கான், ஸ்டீராய்டு சாப்புடுறான், ஒரு கால் வீக்கம், மூச்சு வாங்குதுன்னு சொல்லுங்க

சுதா சித்தி: கூப்ட்டாச்சு வராங்க. ரத்தம் போகுதே கலா, உறையாம இருக்க ஊசி போட்டா இன்னும் ஜாஸ்தியா போயிடாதா, பயமா இருக்கு

கலா அக்கா: அத மறைக்காம சொல்லுங்க சித்தி, எவ்ளோ போகுதுன்னு பாத்துதான் முடிவெடுப்பாங்க. கொஞ்சமா போகுதுன்னா அதுக்காக ஊசிய நிறுத்த மாட்டாங்க. இப்ப கட்டிதான் ஆபத்து

குமார் மாமா: நான் பழைய ரிப்போர்ட் ஃபைல எடுத்துட்டு நேரா அங்க வந்துடுறேன்

(ராத்திரி 11:40)

சுதா சித்தி: டாப்ளர் ஸ்கேன்ல முட்டிக்கு பின்னாடி ரத்தக்கட்டி இருக்காம். சிடி எடுத்தாங்க வலது நுரையீரல்லயும் சின்னதா ரெண்டு. ஊசி ஆரம்பிச்சாச்சு, ஆக்சிஜன் வச்சிருக்காங்க, தூங்குறான். அப்புறம் மாத்திரை குறைஞ்சது 3 மாசமாம்

பிரியா: அக்கா எனக்கும் கோலைடிஸ்தானே, நான் கருத்தடை மாத்திரை சாப்புடுறேன்

கலா அக்கா: ஈஸ்ட்ரோஜன் இருக்கற மாத்திரையும் ரத்தக்கட்டு ரிஸ்க்க கூட்டும் பிரியா. அட்டைய ஃபோட்டோ எடுத்து எனக்கு தனியா அனுப்பு, நாளைக்கு உன் டாக்டர்கிட்ட சேந்தே பேசிடலாம்